நாளத்தில் ஏறும் நீர்

கிழக்கிலங்கையின் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். பட்டிப்பளை ஆறு என்று பழைய மக்கள் வழங்கிய கல்லோயாவின் நீர் அவ்வயல்களிற் பாய்கின்றது. நீர் குறைந்தால் பயிர் கருகும். தேங்கினால் வேர் அழுகும். இதனை அங்குள்ள கமக்காரருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. வாய்க்காலோரம் நடந்து, வயலைக் கண்ணாற் கண்ட பின்னரே வட்டவிதானை மடையைத் திறக்கச் சொல்வதும் அடைக்கச் சொல்வதும் வழக்கம். நீர் எல்லை மீறினால் நேர்வது யாதென்பதை 2004 டிசம்பர் 26 அவ்வூர் மக்களுக்கு மறக்க முடியாதபடி காட்டிற்று. அன்று அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் கடலுக்குப் பலியாயினர்.

கடும் நோயுற்றுக் கட்டிலிற் கிடக்கும் ஒருவருக்கு நாளத்தின் வழியே உப்புநீர் ஏற்றும் வைத்தியரின் முன்னும் வட்டவிதானையின் வினாவே நிற்கின்றது: இன்னும் விடலாமா, போதுமென்று நிறுத்துவதா? நீர் போதாதாயின் குருதியமுக்கம் வீழ்ந்து சிறுநீரகம் செயலிழக்கும். மிஞ்சினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். ஆனால் வட்டவிதானைக்கு உள்ள வசதி வைத்தியருக்கு இல்லை. அவருடைய வயல் தோலினால் மூடப்பட்டிருக்கிறது. அந்த மூடிய வயலை எட்டிப் பார்ப்பதற்கு மனிதர் எடுத்த முயற்சி ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உடையது.

அது வாந்திபேதியிலிருந்து தொடங்குகின்றது. கொலரா எனும் அந்நோய் 1831ஆம் ஆண்டு முதன்முதலாகப் பிரித்தானியாவை அடைந்தது. அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் ஓஷானெசி என்ற இளம் வைத்தியருக்கு அப்பொழுது வயது 22. அவர் நோயாளரின் குருதியை எடுத்து ஆராய்ந்தார். குருதி தன் நீரையும் உப்பையும் பெருமளவில் இழந்து தடித்துப் போயிருப்பதைக் கண்டார். இழந்ததை நாளத்தின் வழியே திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுதினார். அக்காலத்தில் கொலரா நோயாளருக்குச் செய்யப்பட்ட சிகிச்சைகளுள் ஒன்று, அவர்களுடைய குருதியை மேலும் வெளியே எடுத்துவிடுவது! ஆகவே ஓஷானெசி சொன்னது வழக்கத்துக்கு நேர்மாறான கருத்தாகும்.

அக்கருத்தைச் செயலாக்கியவர் ஸ்கொத்லாந்தில் எடின்பரோ நகரை அடுத்த லீத் என்ற துறைமுகத்தில் வைத்தியம் செய்துவந்த தோமஸ் லாட்டா. 1832ஆம் ஆண்டு மே மாதத்தில், பிழைப்பார் என்ற நம்பிக்கை எவருக்கும் இல்லாத ஒரு முதிய பெண்ணின் கைந்நாளத்தில் குழாயைச் செருகி, உப்புக் கரைந்த நீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தினார். முதலில் எந்த மாறுதலும் தோன்றவில்லை. அவர் விடாது செலுத்திக் கொண்டே நோயாளியின் முகத்தைக் கவனித்திருந்தார். குழிந்த கண்கள் மெல்லத் தெளிந்தன. தொய்ந்து கிடந்த தாடை நிமிர்ந்தது. நின்றுபோனதாகத் தோன்றிய நாடி மணிக்கட்டில் மீண்டும் துடித்தது. அரைமணி நேரத்தில் 6 பைந்து, அஃதாவது ஏறத்தாழ மூன்றரை லீற்றர் நீர் ஏறியிருந்தது. அந்த அம்மை தேறிவிட்டதாகத் தாமே கூறினார். லாட்டா அவரை வைத்தியசாலையின் வேறொரு வைத்தியரிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றார். வாந்தியும் பேதியும் மீண்டும் தொடங்கின. நீர் மீண்டும் ஏற்றப்படவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் அவர் இறந்துபோனார்.

இந்த ஒரு நிகழ்ச்சியிலே பின்வந்த வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம். நீர் உயிரை மீட்டது; கவனிப்பு நின்றபோது அவ்வுயிர் போயிற்று. லாட்டாவும் இதனை உணர்ந்தார். சிகிச்சையைத் திரும்பச் செய்யாமையே மரணத்துக்குக் காரணம் என்பது அவர் முடிவு. ஆயினும் அவர் அடுத்த ஆண்டே, 1833இல், மறைந்தார். சாகுந் தறுவாயிலிருந்த நோயாளருக்கே அம்முறை கையாளப்பட்டமையாலும், நீரும் கருவிகளும் கிருமி நீங்கியவையாக இல்லாமையாலும் பலர் பிழைக்கவில்லை. முறையும் கைவிடப்பட்டது. ஓஷானெசி கிழக்கிந்தியக் கம்பெனியின் சேவையில் கல்கத்தாவுக்குச் சென்று மருத்துவக் கல்லூரியில் ஆசிரியரானார். பின்னர் இந்தியாவில் தந்திக் கம்பிகள் அமைத்தவராகவே பெரும்புகழ் எய்தினார்.

அறுந்த இழை கல்கத்தாவிலேயே மறுபடி பற்றப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு பணிசெய்த லெனார்ட் ரொஜர்ஸ் என்பவர் கொலரா நோயாளருக்கு உப்புநீர் ஏற்றி மரணத்தைப் பெரிதும் குறைத்தார். அவர் செய்த மற்றொரு காரியம் இங்கு கவனிக்கத்தக்கது. கிளிசரினும் நீரும் வெவ்வேறு விகிதத்திற் கலந்த சிறு குப்பிகளை அவர் கட்டிலருகே வைத்திருந்தார். நோயாளியின் ஒருதுளி குருதியை அவற்றுள் விட்டு, அது மிதக்கிறதா, அமிழ்கிறதா என்று பார்த்தே குருதியின் தடிப்பை மதித்தார். அதற்கேற்பவே நீரின் அளவைத் தீர்மானித்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படை வைத்தியரான ரொபேர்ட் பிலிப்ஸும் அவரோடு உழைத்தோரும் கிளிசரினுக்குப் பதிலாக மயில்துத்தக் கரைசலைக் கொண்டு இதே சோதனையை எளிதாக்கினர். 1947இல் கெய்ரோவில் பரவிய கொலராவின்போது பிலிப்ஸ் அதனைப் பயன்படுத்தினார். எவ்வளவு நீர் என்ற வினாவை ஊகத்துக்கு விடாமல், கட்டிலருகிலேயே அளந்து விடைகாணும் முயற்சி இவ்வாறு தொடங்கிற்று.

1971இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது எல்லையோர ஊரான பொங்காவுனில் அகதிகளிடையே கொலரா பரவியது. நாளத்தில் ஏற்றும் நீர் கையிருப்பில் தீர்ந்து போகவே, திலீப் மகலனோபிஸ் என்ற வைத்தியர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாயாற் பருகக் கொடுத்தார். முகாமில் நூற்றுக்கு 30 ஆக இருந்த மரண விகிதம் 3.6 ஆகக் குறைந்தது. இலங்கையின் வீடுகளில் ஜீவனி என்று வழங்கும் பொதியின் வரலாறு இதுவேயாகும். வாயாற் பருகும் நீருக்கு ஒரு நன்மை உண்டு. தாகம் தணிந்தபின் உடலே பெரும்பாலும் போதும் என்று சொல்லிவிடும். நாளத்தில் நேரே ஏறும் நீருக்கு அவ்வகைக் காவல் இல்லை. குழாயைத் திறந்தவரே மூடவும் வேண்டும்.

மூட வேண்டிய அவசியம் மெல்ல மெல்லவே விளங்கியது. அதனை அறிய நீர் செல்லும் வழியை அறிதல் வேண்டும். நாளத்தில் ஏறிய நீர் இதயத்தின் வலப்புறத்தை அடைந்து, அங்கிருந்து நுரையீரலுக்குச் சென்று, அதன் பின்னரே இடப்புறம் வந்து உடலெங்கும் பரவும். குருதி நுரையீரல் வழியாகவே ஒரு புறத்திலிருந்து மறுபுறம் செல்கிறது என்ற உண்மையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர், திமிஷ்கில் கற்றுக் கெய்ரோவில் வைத்தியம் புரிந்த இப்னு அந்நபீஸ். ஆகையால் மிகையாக ஏறும் நீரின் பழியை முதலிற் சுமப்பது நுரையீரல். 1914ஆம் ஆண்டளவில் லண்டனில் ஏணஸ்ட் ஸ்டார்லிங் என்ற உடற்றொழிலியலாளர் மற்றோர் உண்மையைத் தெளிவாக்கினார். இதயத்துட் குருதி கூடுதலாக வந்து அதன் தசையை இழுக்குந்தோறும் இதயம் வலிமையாக இறைக்கும்; ஆனால் ஓர் எல்லைக்கு அப்பால் எவ்வளவு வந்தாலும் இறைப்பது கூடாது. அந்த எல்லை ஆளுக்கு ஆள் வேறு. ஒரே ஆளுக்கும் நோயின் காலையிலொன்று, மாலையிலொன்று.

வியட்நாம் போரில் காயமுற்ற படைவீரருக்கு ஏராளமாக உப்புநீர் ஏற்றப்பட்டது. அதனாற் பலருடைய சிறுநீரகங்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் சிலருடைய நுரையீரல் நீர் கோத்து இறுகிற்று. அந்நோயை வைத்தியர்கள் டானாங் நுரையீரல் என்று அவ்வூர்ப் பெயராலேயே அழைத்தனர். காயத்தின் கேடும் மிகையான நீரும் அதில் ஒன்று சேர்ந்தன என்பது பின்வந்தோர் கருத்து. 1970இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜெரமி ஸ்வான், வில்லியம் கான்ஸ் ஆகிய இருவரும், நுனியிற் சிறு பலூன் பொருந்திய மெல்லிய குழாயை இதயத்தின் வழியே செலுத்தி உள்ளமுக்கத்தை அளக்கும் முறையை வெளியிட்டனர். பணவசதி மிக்க வைத்தியசாலைகளில் அக்குழாய் முப்பது ஆண்டு கோலோச்சியது. ஆயினும் 2005இல் பிரித்தானியாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரிடம் செய்த ஆராய்ச்சியில், அதனாற் பிழைத்தோர் தொகை கூடவில்லை என்று கண்டனர். இதயத்தினுள் அமுக்கத்தை அறிதல் வேறு, அந்த இதயம் இன்னும் நீரை ஏற்குமா என்பதை அறிதல் வேறு என்பது தெரியவந்தது.

இவ்வாறிருக்க, உலகெங்கும் ஒரு பொதுவிதி வழங்கி வந்தது. அதிர்ச்சி நிலையிலுள்ள நோயாளிக்கு முதலில் விரைவாக நீரை ஏற்றுக என்பதே அவ்விதி. அதனைச் சோதிக்க எவரும் துணியவில்லை. சோதிப்பது பாவம் என்றுகூடப் பலர் எண்ணினர். 2011இல் உகண்டா, கென்யா, தன்சானியா ஆகிய நாடுகளில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தபோது மருத்துவ உலகு திகைத்தது. கடுங்காய்ச்சலும் குருதியோட்டக் குறைவும் உடைய 3,141 குழந்தைகள் அதிற் சேர்க்கப்பட்டனர். வயிற்றோட்டம் கண்ட குழந்தைகள் சேர்க்கப்படவில்லை. விரைவாக நீர் ஏற்றப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துள் இறந்தோர் நூற்றுக்கு 10.6உம் 10.5உம். அவ்வாறு ஏற்றப்படாதவர்களில் 7.3. உயிர்காக்கும் என்று நம்பிய நீரே உயிரைக் கொண்டு சென்றிருந்தது. 2017இல் சாம்பியாவிலிருந்து வெளியான மற்றோர் ஆராய்ச்சியும் அதுபோன்றதே. குருதியிற் கிருமி பரவி அமுக்கம் வீழ்ந்த பெரியவர்களுள், விதிப்படி மிகுந்த நீரும் அமுக்கத்தை உயர்த்தும் மருந்தும் பெற்றோரில் நூற்றுக்கு 48.1 பேர் இறந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 33 பேர்.

இம்முடிவுகள் வசதி மிக்க நாடுகளைவிட, செயற்கைச் சுவாசக் கருவி எளிதிற் கிடைக்காத ஊர்களுக்கே பெரும் பாடமாயின. நுரையீரலில் நீர் கோத்தபின் மீட்க வழியில்லாத இடத்தில், கோப்பதற்கு முன்னரே அறிய வேண்டும். அறிவதற்குரிய வழியோ எதிர்பாராத திசையிலிருந்து வந்தது.

மனிதச் செவி ஒரு செக்கனுக்கு 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியையே கேட்கும். அதற்கு மேற்பட்டதைப் பௌதிக நூல்கள் கழியொலி என்பன. பொதுமக்கள் அதனைப் பயன்படுத்தும் கருவியை ஸ்கேன் என்பர். 1880இல் பிரான்ஸ் நாட்டின் கியூரி சகோதரர்கள் சில பளிங்குகளை அழுத்தினால் மின் தோன்றுவதைக் கண்டனர். முதலாம் உலகப் போரில் போல் லான்ஜ்வின் அவ்வகைப் பளிங்கைக் கொண்டு கழியொலியைக் கடலினுட் செலுத்தி நீர்மூழ்கிக் கப்பலைத் தேட வழி கண்டார். பின்னர் அவ்வொலி உலோகத்தினுள் மறைந்திருக்கும் வெடிப்பைக் கண்டறியும் கருவியாயிற்று. 1953இல் சுவீடன் நாட்டு லூந்து நகரில் இங்கே எட்லர் என்ற வைத்தியரும் ஹெல்முத் ஹேட்ஸ் என்ற பௌதிகரும் அவ்வகைக் கருவியை மனிதரின் மார்பில் வைத்து இதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். 1958இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் வயிற்றினுள் உள்ள கட்டிகளையும் கருவையும் கழியொலியாற் கண்டு எழுதினார். கப்பல் தேடிய ஒலி தாய்மாருக்குப் பழக்கமான பொருளானது இவ்வாறு தான்.

அப்போதும் நுரையீரலை அவ்வொலியாற் பார்க்க இயலாது என்பதே பொது அபிப்பிராயம். காற்று நிறைந்த உறுப்பு ஒலியைத் திருப்பியனுப்பிவிடும், படம் விழாது. பாரிஸ் நகரின் புறத்தே ஒரு வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவிற் பணிசெய்த டானியேல் லிக்டன்ஸ்டைன் இக்கருத்தை ஏற்கவில்லை. படம் விழாததே ஒரு செய்தியல்லவா என்று அவர் வினவினார். நலமுள்ள நுரையீரலை நோக்கும்போது திரையில் கிடைக்கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தோன்றும். நுரையீரலின் இழையங்களில் நீர் ஊறத் தொடங்கியதும் மேலிருந்து கீழாக வால்வெள்ளி போல் ஒளிக்கோடுகள் இறங்கும். 1997இல் அவரும் துணைவரும் இதனை வெளியிட்டனர். 2008இல் மூச்சுத் திணறலின் காரணத்தைச் சில நிமிடங்களிற் பிரித்தறியும் ஒழுங்குமுறையையும் அவர் வகுத்தளித்தார். நோயாளி மூச்சுத் திணறுவதற்கு முன்னரே திரையில் கோடுகள் இறங்கிவிடுவதுண்டு. மடையை அடைக்க வேண்டிய நேரம் வந்ததென்று வயல் சொல்வதற்கு ஒப்பானது அது.

இன்று இக்கருவியை வைத்தியர் கட்டிலருகே கொணர்ந்து மூன்று இடங்களை நோக்குவர். முதலாவது இதயம்: அது வலுவாகச் சுருங்குகிறதா, வெறுமையாகத் துடிக்கிறதா, அன்றிச் சோர்ந்து வீங்கியிருக்கிறதா என்பது. இரண்டாவது, வயிற்றிலிருந்து இதயத்துக்கு ஏறும் கீழ்ப்பெருநாளம்: மூச்சுக்கு மூச்சு ஒட்டிச் சுருங்கும் மெல்லிய நாளம் நீர்ப் பற்றாக்குறையைக் குறிக்கலாம், அசையாது புடைத்து நிற்கும் நாளம், இனி நீர் வேண்டாம் என்று எச்சரிக்கலாம். மூன்றாவது நுரையீரல். இவற்றோடு எளியதோர் உபாயமும் உண்டு. படுத்திருப்பவரின் கால்களை உயர்த்தினால், கால்களிலுள்ள குருதியில் ஒரு பகுதி இதயத்துக்குத் திரும்பும். ஒரு துளி நீரும் ஏற்றாமல் நீர் ஏற்றியது போன்ற சோதனை அது. இதயம் கூடுதலாக இறைக்கிறதா என்று கருவியிற் கண்டபின் கால்களை இறக்கிவிடலாம். ஏற்றிய நீரை அவ்வாறு திருப்பி எடுத்தல் எளிதன்று.

இலங்கையில் நீரின் அளவு உயிர்ப்பிரச்சினையானது பெரும்பாலும் டெங்குக் காய்ச்சலினால். 1960களில் இந்நாட்டில் அந்நோய் குருதிப் பரிசோதனையால் உறுதிசெய்யப்பட்டது. 1989 முதல் குருதிப்பெருக்குக் காய்ச்சலாக உக்கிரமடைந்தது. டெங்குவின் சூழ்ச்சி நேயர்கள் அறிந்துவைக்கத் தக்கது. காய்ச்சல் மூன்று நான்கு நாள் காய்ந்து தணியும் தறுவாயிலேயே, சிலருக்குக் குருதியின் நீர்ப்பகுதி நுண்குழாய்களிலிருந்து கசிந்து மார்புக்கூட்டிலும் வயிற்றிலும் தேங்கும். கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அக்காலத்தில் நீர் குறைந்தால் நோயாளி அதிர்ச்சி நிலைக்கு வீழ்வார். கசிவு நின்றதும் தேங்கிய நீர் முழுவதும் குழாய்களுக்குத் திரும்பும். முன்னர் அளவின்றி ஏற்றியிருந்தால், குணமாகும் வேளையிலேயே நுரையீரல் நீரில் அமிழும். ஒரே நோயில், இரண்டு நாள் இடைவெளியில், வறட்சியும் வெள்ளமும் என்று சொல்லத் தகும்.

2009இல் இலங்கையில் ஏறத்தாழ 35,000 பேர் டெங்குவுக்கு ஆளாகி 346 பேர் இறந்தனர். தாய்லாந்தின் வைத்தியர்கள் பல்லாண்டு அனுபவத்தில் வகுத்த முறைகளை இலங்கை வைத்தியர்கள் கற்று வந்தனர். 2010இல் தேசிய வழிகாட்டி வெளியாயிற்று. 2012இல் அது திருத்தப்பட்டது. அதன் உயிர்நாடி, நீருக்கு ஒரு பங்கீடு வகுத்தமையே. 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவருக்குக் கசிவுக் காலமான 48 மணி நேரத்துக்கும் மொத்தம் 4,600 மில்லிலீற்றர். வாயாற் பருகுவதும் அதனுள் அடக்கம். மணிக்கொருமுறை சிறுநீரை அளந்து, கிலோகிராமுக்கு அரை மில்லிலீற்றருக்குக் குறைந்தால் நீரைக் கூட்டுவதும், ஒரு மில்லிலீற்றரைத் தாண்டினால் குறைப்பதும் தாதியரின் கடமையாயிற்று. பி.சி.வி. என்று வழங்கும் குருதிச் சோதனை, ரொஜர்ஸின் கிளிசரின் குப்பிகள் சொன்ன அதே செய்தியை, அஃதாவது குருதி தடித்திருக்கிறதா என்பதை, இன்று சொல்கின்றது. கழியொலிக் கருவி கசிவின் தொடக்கத்தைக் காட்டுகின்றது. பித்தப்பையைச் சூழ்ந்தும், ஈரலுக்கும் வலச் சிறுநீரகத்துக்கும் இடையிலும், வல நுரையீரலின் அடியிலும் மெல்லிய கருங்கோடாக நீர் தெரிந்ததும் அந்த 48 மணி நேரக் கணக்குத் தொடங்குகின்றது.

2017இல் டெங்கு இதுவரை காணாத அளவுக்குப் பரவி 1,86,101 பேரைப் பீடித்தது. இறந்தோர் ஏறத்தாழ 440. நோயாளர் தொகை ஐந்து மடங்குக்கு மேற் பெருகியும் மரணம் அவ்விகிதத்திற் பெருகவில்லை. 2009இல் நூற்றுக்கு ஒருவராக இருந்தது, ஆயிரத்துக்கு இரண்டு மூன்று பேராகக் குறைந்திருந்தது. மக்கள் முன்னதாகவே வைத்தியசாலைக்கு வந்தமையும், நோய் முன்னிலும் நன்றாகக் கணக்கெடுக்கப்பட்டமையும் இதிற் பங்குடையன. மணிக்கு மணி நடந்த கவனிப்பின் பங்கை எவரும் மறுக்கார்.

ஆயினும் கருவிக்கு மிகையான மகிமை கற்பித்தல் தகாது. நுரையீரலிற் கோடுகள் இறங்குவது நீரினால் மட்டுமன்று; நியூமோனியாவினாலும் இறங்கும். கீழ்ப்பெருநாளத்தின் அகலம் நோயாளி மூச்செடுக்கும் விதத்தால் மாறும். செயற்கைச் சுவாசம் பெறுபவரில் அதன் பொருளே மாறும். இன்னும் ஒன்று: நலமுள்ள மனிதனுக்கு நீர் ஏற்றினாலும் அவன் இதயம் கூடுதலாக இறைக்கும், அதனால் அவனுக்கு நீர் தேவையென்று ஆகாது. ஏற்கும் என்பது வேறு; வேண்டும் என்பது வேறு. கழியொலியைப் பயன்படுத்துவதால் மரணம் குறைகிறதென்று எல்லா ஆராய்ச்சிகளும் ஒருமுகமாகக் கூறவுமில்லை. 2022இல் ஐரோப்பாவிலும் 2023இல் அமெரிக்காவிலும், ஒவ்வொன்றும் 1,500க்கு மேற்பட்ட நோயாளரைக் கொண்டு இரு பெரும் ஆராய்ச்சிகள் வெளியாயின. நீரைச் சுருக்கிக் கொடுத்த பிரிவிலும் தாராளமாகக் கொடுத்த பிரிவிலும் இறந்தோர் விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. நீரின் அளவு முக்கியமன்று என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. எல்லா நோயாளருக்கும் பொருந்தும் ஓர் அளவு இல்லை என்பதே பொருத்தமான பொருள். நிறைக்குக் கிலோகிராமுக்கு 30 மில்லிலீற்றர் என்று சர்வதேச வழிகாட்டிகள் ஒருகாலத்தில் உறுதியாக விதித்ததும் 2021இல் மென்மையான ஆலோசனையாகத் தளர்த்தப்பட்டது. பொதுவிதி தளருந்தோறும், இந்த ஒருவருக்கு இந்த மணியில் எவ்வளவு என்று பார்த்தறியும் பொறுப்பு வைத்தியர்மேற் கூடுகின்றது.

கல்முனைக் கரையில் இப்பொறுப்பின் கனம் அதிகம். சுகாதார அமைச்சின் தொற்றுநோயியற் பிரிவு தன் வாராந்தக் கணக்கில் கல்முனையை அம்பாறையிலிருந்து பிரித்துத் தனிப் பிராந்தியமாகவே குறிக்கின்றது. வடகீழ்ப் பருவமழை பெய்து ஓயும் மாதங்களில், நெருங்கிய குடியிருப்புகளின் கிணற்றடியிலும் கூரைப்பீலியிலும் தேங்கும் நீரில் நுளம்பு பெருகும். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள்ளன. நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலும் வைத்தியசாலைகள் உண்டு. இவற்றைக் கடந்து செல்ல வேண்டுமாயின் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை ஏறத்தாழ 40 கிலோமீற்றர். கொழும்போ 300 கிலோமீற்றருக்கும் அப்பால். நோயாளியை அனுப்புவதா, இங்கேயே வைத்திருப்பதா, வழியில் எவ்வளவு நீர் ஏறலாம் என்பனவெல்லாம் இரவு நேரத்தில் ஓர் இளம் வைத்தியர் தீர்மானிக்க வேண்டியவை. முன்பு ஓர் அறையையே அடைத்து நின்ற கழியொலிக் கருவி இன்று சட்டைப் பையில் அடங்கும் அளவுக்குச் சிறுத்துவிட்டது. கருவியை வாங்குதல் எளிது. அதனைப் பிடிக்கும் கையைப் பயிற்றுதலே நாட்படும் வேலை. பயிலாத கண்ணுக்கு அந்தத் திரை வெறும் கருமேகம்.

இவ்விடயத்தில் பொதுமக்களுக்கும் ஒரு பங்குண்டு. உடம்பு சோர்ந்தால் ஒரு சேலைன் ஏற்றினால் தெம்பு வரும் என்ற நம்பிக்கை ஊர்தோறும் வேரூன்றியிருக்கிறது. காய்ச்சல் நோயாளியை அழைத்துவரும் உறவினர், சேலைன் போடவில்லையே என்று குறைப்படுவதும், போட்ட குழாயை அடைத்தால் கைவிட்டுவிட்டார்களோ என்று கலங்குவதும் உண்டு. நேயர்கள் இரண்டு காரியங்களை மனத்திற் கொள்ளலாம். காய்ச்சல் தணிந்த நாளே டெங்குவில் ஆபத்தான நாளாகவும் அமையலாம். அன்று வயிற்றுநோவு, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் தாமதியாமல் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டும். நோயாளி எத்தனை கோப்பை பருகினார், எத்தனை முறை சிறுநீர் கழித்தார் என்பதை ஒரு தாளிற் குறித்துக் கொண்டு செல்வது, வைத்தியருக்கு எந்தக் கருவியும் தரமுடியாத செய்தியைத் தரும். தாதி வந்து குழாயின் திருகை மூடிவிட்டு, சிறுநீரை அளந்து பலகையிற் குறித்துக்கொண்டு, ஒரு மணி கழித்து வருகிறேன் என்று சொல்லிச் சென்றால், அங்கே சிகிச்சை நின்றுவிடவில்லை. லீத் துறைமுகத்து முதியவளுக்குக் கிடைக்காமற் போன சிகிச்சை அதுவே.